விதைநெல்லும் உழவர் உரிமையும்

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006இல் நெல் திருவிழா தொடங்கியது. அங்கு வரும் உழவர் 2 கிலோ மரபு விதைநெல்லை விலையின்றிப் பெறுவார். மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தருவார். இவ்வொழுங்கை வகுத்தவர் கட்டிமேட்டு நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்று 170ஐ ஒட்டிய மரபு நெல்வகைகளை மீட்ட அவர், 2018 திசம்பர் 6 அன்று மறைந்தார். அடுத்த 11ஆம் நாள், திசம்பர் 17 அன்று, ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை உழவர்க்கும் ஊரகத் தொழிலாளர்க்குமான உரிமைச் சாற்றுரையை ஏற்றது. 121 நாடுகள் ஆதரித்தன, 8 எதிர்த்தன, 54 ஒதுங்கி நின்றன. இந்தியா ஆதரித்த அணியில் இருந்தது. தாம் சேமித்த விதையைக் காக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவர்க்கு உரிமை உண்டு என்கிறது அதன் 19ஆம் உறுப்பு. ஆதிரெங்கத்தில் பல்லாண்டாக நடந்துவந்த கொடுக்கல் வாங்கலை உலகப் பேரவை அன்றுதான் மனித உரிமை என்று எழுதியது.

விதை ஏன் உரிமையாகிறது என்பதற்கு நெற்பூவே சான்று. கதிர் வெளிவந்தபின், முற்பகலில் சிறுபொழுது மட்டும் உமிகள் விரிகின்றன. விரியும்போதே மகரந்தப்பைகள் வெடித்து, மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் படிகிறது. அயற்பூவோடு கலப்பது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே பூங்கார் என்னும் மரபு நெல்லை விதைத்தால் பூங்காரே விளைகிறது. வயலில் உயரமோ கதிரின் நிறமோ மாறித் தெரியும் கலவன்களைப் பூக்குமுன் பிடுங்கி, நன்கு முற்றிய கதிர்களைத் தனியே அடித்து, ஈரம் 13 விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை உலர்த்தி, நொச்சித்தழையிட்டுக் காத்தால், அந்த விதை மறுபருவத்துக்கு உதவும். இத்தனைக்கும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. தேர்ந்த கண்ணும் பொறுமையும் போதும். அந்தக் கண் பெரும்பாலும் பெண்களுடையது. வீரிய ஒட்டுநெல்லின் நிலை வேறு. அதன் அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து சிதறுவதால், உழவர் ஆண்டுதோறும் கடைக்குச் சென்றாக வேண்டும்.

மரபு விதை பழம்பெருமைக்காகக் காக்கப்படுவது என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் சம்பா வயல்களைப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையில் இன்று பயிராகும் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல்வகை இரு வாரம் வரை நீரில் மூழ்கியும் பிழைக்கிறது. மூழ்கிய வேளையில் நீர்மட்டத்தைத் தாண்ட முயன்று வளர்ந்து தன் மாவுச்சத்தை வீணாக்காமல், அது வளர்ச்சியை அடக்கிக்கொண்டு வெள்ளம் வடியக் காத்திருக்கிறது. இப்பண்பைத் தரும் மரபணுவை அறிவியலாளர் 2006இல் இனங்கண்டனர். அது கிடைத்ததோ ஒடிசா உழவர்கள் காத்துவந்த ஒரு நெல்வகையின் வழியே. பெயரறியாத ஒரு குடும்பம் தன் விதையைக் கைவிட்டிருந்தால், நாகப்பட்டினத்து உழவர்க்கு இந்தக் காப்பு கிடைத்திராது. பயன் அனைவர்க்கும் போகிறதென்றால், காத்தவர்க்கு மட்டும் உரிமை இல்லையென்பது எவ்வாறு நேர்மையாகும்?

நம் அரசமைப்புச் சட்டம் விதை உரிமையை எங்கும் பெயரிட்டுச் சொல்லவில்லை. வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன அறிவியல் நெறியில் அமைக்க வேண்டும் என்கிறது 48ஆம் உறுப்பு; கால்நடை இனங்களைப் பேணச் சொல்லும் அது, பயிரினங்களைப் பற்றிப் பேசவில்லை. அதுவும் வழிகாட்டு நெறியே. 37ஆம் உறுப்பின்படி அதை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றக் கோர இயலாது. எக்குவடோரின் 2008ஆம் ஆண்டு அரசமைப்பு, விதையைப் பேணுதலையும் தடையின்றி மாற்றிக்கொள்வதையும் ஊக்குவிப்பது அரசின் கடமை என 281ஆம் உறுப்பிலேயே எழுதிவைத்துள்ளது. நமக்கு மீதமிருக்கும் வழி 21ஆம் உறுப்பு. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் வாழ்வாதாரத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. உழுகுடியின் வாழ்வாதாரம் விதையில் தொடங்குவதால், விதை உரிமையை அங்கே ஊன்றலாம் என்பது என் துணிபு.

சட்ட அளவில் இந்தியா உலகை முந்தியது. இதை மனமுவந்து சொல்லவேண்டும். உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்து உடன்படிக்கை, பயிர்வகைகளுக்குக் காப்புரிமையோ தனிச்சட்டமோ வேண்டும் என்றது. பயிர்வகைப் பாதுகாப்புக்கான 1991ஆம் ஆண்டு யுபோவ் உடன்படிக்கையோ, விதை சேமிப்பை ஒவ்வொரு நாடும் விரும்பினால் வரம்புக்குள் அளிக்கும் சலுகையாகச் சுருக்கி, விற்பனைக்கு இடந்தரவில்லை. இந்தியா அதில் சேரவில்லை. 2001இல் இயற்றிய பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பதிவுபெற்ற வகையின் விதையையும் உழவர் சேமிக்கலாம், பகிரலாம், வணிக முத்திரையின்றி விற்கலாம் என்கிறது. சொன்ன விளைச்சலைத் தராத பதிவுபெற்ற வகைக்கு இழப்பீடு கோரவும் வழிசெய்கிறது. உருளைக்கிழங்கு வகையொன்றைப் பயிரிட்ட குசராத்து உழவர்கள்மீது 2019இல் பெப்சிகோ வழக்குத் தொடுத்தபோது, இப்பிரிவே அவர்களுக்கு அரணாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. ஆயினும் இது நாடாளுமன்றத்தின் எளிய பெரும்பான்மையால் மாற்றத்தக்க சட்டமே. நாளை ஒரு வணிக ஒப்பந்தம் யுபோவை நிபந்தனையாக்கினால் 39ஆம் பிரிவு நிலைக்குமா என்ற அச்சம் வெற்றச்சமன்று.

ஐக்கிய நாடுகள் சாற்றுரையின் 19ஆம் உறுப்பில் இன்னொரு வரி உண்டு. காவிரிப் படுகைக்கு அதுவே மிக இன்றியமையாதது. தரமான விதை, போதிய அளவில், நடவுக்கு ஏற்ற பருவத்தில், கட்டுபடியாகும் விலையில் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. மேட்டூர் அணை சூன் 12இல் திறந்தால் குறுவை. தவறினால் சம்பாவை நம்பியிருக்க வேண்டும். தண்ணீர் வந்தபின் வரும் விதையால் பயனில்லை. நீண்டகால வகையைக் காலந்தாழ்த்தி விதைத்தால் பயிர் பனிக்காலத்தில் பூத்துப் பதராகும். தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை, நெல் ஜெயராமன் பெயரில் மரபுசார் நெல் இரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. அரசு விதைப்பண்ணைகளில் மரபு நெல்லைப் பெருக்கி மானிய விலையில் தருவது நற்பணி. ஆனால் திட்டம் நீதிமன்றத்தில் கேட்டுப்பெறும் உரிமை அன்று. ஓராண்டின் நிதி ஒதுக்கீட்டோடு அது சுருங்கவும் கூடும்.

இங்கே யார் உழவர் என்ற கேள்வி எழுகிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுடைமையைக் கேட்கவில்லை; தானே பயிரிடுபவரும் மரபு வகையைக் காப்பவரும் உழவரே. மானிய விதைக்கோ சிட்டாவும் அடங்கலும் வேண்டும். கோயில், மடத்து நிலங்களை வாய்மொழிக் குத்தகைக்கு உழுவோர் தஞ்சை, திருவாரூர், நாகை எங்கும் உள்ளனர். அடங்கலில் அவர்கள் பெயர் ஏறுவது அரிது. நாற்றுநடும் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969 முதலே தமிழ்நாட்டில் உள்ளது. வருவாய்த் துறை ஊர்தோறும் முகாமிட்டு அப்பதிவை முடித்து, சாகுபடி செய்பவர் பெயரை ஆணாயினும் பெண்ணாயினும் அடங்கலில் ஏற்றித் தர வேண்டும். அடுத்த குறுவைக்கு விதை வழங்குமுன் செய்யத்தக்க பணி அது.