மொட்டைப் பாறையின் மேல் தண்ணீர் ஏது?

திருச்சி புத்தூரில் வசிக்கும் ஒரு மாணவனிடம், "உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். காவிரியைச் சொல்வான், பக்கத்தில் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலையும் கைநீட்டிக் காட்டுவான். ஆனால் அவன் நண்பர்களுடன் கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைச் சாலையில் ஏறத்தாழ 35 கி.மீ. சென்று, நார்த்தாமலையில் இறங்கட்டும். அங்கே மேலமலை என்று ஒரு குன்று. மரம் அடர்ந்த மலையல்ல, வெறும் பாறை. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. அதைவிட உயர்ந்த மலை எதுவும் அதன்மேல் நீரை வடிய விடவும் இல்லை. இருந்தும் அங்கே சுனை இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஏது?

"பாறைக்கு அடியில் ஊற்று இருக்கும்" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் விடை. மாணவ நண்பர்களே, இந்த விடையைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் மலையேற்றம் போதும்.

விடியற்காலையில் புறப்படுங்கள். கருங்கல் பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. ஏறத் தொடங்கியதும் கால்களின் கீழே பாறை எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பல இடங்களில் அது வெங்காயத் தோல் போல வளைந்த பலகைகளாகப் பிரிந்து கிடக்கும். இந்தப் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானது. மேலிருந்த சுமை மழையிலும் காற்றிலும் கரைந்து போகப் போக, அழுத்தம் குறைந்து பாறை சற்றே விரிந்தது. விரிந்ததால் மேற்பரப்பை ஒட்டியே வெடிப்புகள் உண்டாயின. இந்த வெடிப்புகளை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னும் மேலே சென்றால் தட்டு அளவிலும் அண்டா அளவிலும் குழிகள் தென்படும். யாரும் வெட்டியவை அல்ல. கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்னும் கனிமங்கள் உண்டு. தேங்கிய நீரில் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். பிடிப்பு இழந்த குவார்ட்ஸ் மணலாக உதிரும். அடுத்த மழை இரண்டையும் அடித்துக்கொண்டு போகும். நீர் தேங்குவதால் குழி ஆழமாகிறது. ஆழமாவதால் மேலும் நீர் தேங்குகிறது. குறுக்கு வெடிப்பு அமைந்த இடத்தில் இந்த வேலை விரைவாக நடந்து, குழி சுனையாகவே வளர்ந்துவிடுகிறது.

மேலமலையின் பெரிய சுனைக்குத் தலையருவிச் சிங்கம் என்று பெயர். நீருக்கு அடியில் பாறையில் குடைந்த சிறு கோயிலும், அதில் ஒரு சிவலிங்கமும் உள்ளன. சுனை நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. 1857ஆம் ஆண்டு புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமானின் அரசி, நீரை இறைக்கச் செய்து இந்த லிங்கத்தை வழிபட்டதாக அருகிலுள்ள கல்வெட்டு கூறுகிறது. வரலாற்று ஆசிரியருக்கு இது ஒரு செய்தி. நமக்கோ இது ஓர் அறிவியல் சோதனையின் முடிவு! இறைக்க இறைக்கச் சுரக்கும் கிணற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேகமான ஊற்று இருந்திருந்தால் மனிதர் இறைத்து இந்தச் சுனையை வற்றச் செய்வது எளிதாக இருந்திருக்காது. ஆகவே பெரிய ஊற்று என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் மழைநீர் மட்டும் போதுமா? கணக்குப் போடுவோம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சுனையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மி.மீ. சுனையில் நேராக விழுவது 90,000 லிட்டர். ஆனால் நம் வெயிலில் ஓராண்டில் ஆவியாகக்கூடிய நீர் 1,800 மி.மீ.க்குக் குறையாது; அதாவது 1,80,000 லிட்டர். வரவைப் போல் இரு மடங்கு செலவு! சுனை வற்றியே தீர வேண்டும்.

இங்கேதான் மொட்டைப் பாறை கைகொடுக்கிறது. மண்ணில் விழும் மழையைத் தரை குடித்துவிடும். பாறை குடிப்பதில்லை, வழிய விடுகிறது. சுனையை நோக்கிச் சரியும் பாறை 1,000 சதுர மீட்டர் இருந்து, அதில் விழும் மழையில் மூன்றில் இரண்டு பங்கு வந்து சேர்ந்தாலும் 6,00,000 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையிலேயே சுனை நிரம்பி வழியும். மரமில்லாத பாறை என்று நாம் குறையாகச் சொன்னதுதான் சுனையின் செல்வம்.

இந்த ஓட்டத்தின் வேகம் சாமானியமானதல்ல. சுனைக்கு அப்பால் உள்ள விசயாலய சோழீச்சுரம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி. அது மழையால் இடிந்ததையும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எதிரே குடைவரையில் நிற்கும் பன்னிரண்டு திருமால் உருவங்களையும் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

நிரம்பிய சுனை கோடையைத் தாண்டுமா என்பது அடுத்த கேள்வி. மழை ஓய்ந்தபின் நாளொன்றுக்குச் சராசரி 6 மி.மீ. ஆவியானால் 150 நாளில் 90 செ.மீ. இறங்கும். அரை மீட்டர்க் குழி மாசி, பங்குனியிலேயே காய்ந்துவிடும். இரண்டு மீட்டர்ச் சுனை சித்திரையிலும் நீரோடு நிற்கும். காயும் குழிகளிலும் உயிர் உண்டு. தமிழ்நாட்டு மழைக்குட்டைகளில் வாழும் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்னும் இறால் உறவினம், உலர்ந்த சேற்றில் முட்டைகளை விட்டுவிட்டு மடிந்துபோகும். அந்த முட்டைகள் அடுத்த மழை வரும்வரை வெயிலைத் தாங்கிக் கிடக்கும்.

ஊற்றே இல்லை என்று இப்போது முடிவு கட்டலாமா? பொறுங்கள். முன்பு பார்த்த வெடிப்புகளின் வழியே மழைநீர் சிறிது கசிந்து வரவும் கூடும், சுனைநீர் வெளியே கசிந்து போகவும் கூடும். இதை அறிய வழி உண்டு. சுனையோரப் பாறையில் படிந்திருக்கும் நீர்மட்டக் கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே உள்ளது என்று தை மாதத்தில் ஒருமுறை அளந்து தேதியுடன் குறியுங்கள். இடையில் மழை பெய்யாத ஒரு மாதம் கழித்து மீண்டும் அளவுங்கள். அதே மாதம் உங்கள் வீட்டு மாடியில் ஓர் அகலத் தொட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் குறைவதைக் கணக்கிடுங்கள். சிறு தொட்டி எளிதில் சூடேறுவதால் அதில் சற்று அதிகமாகவே ஆவியாகும். முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளலாம். சுனை அதைவிட மிகக் குறைவாக இறங்கியிருந்தால் உள்ளே கசிவு வருகிறது. மிக அதிகமாக இறங்கியிருந்தால் நீர் வெளியே ஒழுகுகிறது. அளக்கும்போது ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்ளுங்கள். பாசி வழுக்கும், விளிம்பை அடுத்தே ஆழம். நீந்தும் ஆசை வேண்டாம்.

பின்பு உச்சிக்கு ஏறுங்கள். சுற்றிலும் கடம்பர்மலை முதலிய குன்றுகள். கீழே சமவெளியில் ஆங்காங்கே ஏரிகள். பல ஏக்கர் பரப்புள்ள ஏரிக்கும் உங்கள் காலடியில் உள்ள சுனைக்கும் வெயில் ஏறத்தாழ ஒரே விதிதான் வைத்திருக்கிறது: ஐந்து மாதத்தில் 90 செ.மீ. பரப்பு பெரிதானாலும் ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரி, பாசனத்துக்கு ஒரு சொட்டும் கொடுக்காமலே கோடையில் தரையைக் காட்டிவிடும். கிராமத்தார் ஏரியைத் தூர்வார ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்பது மேலமலையின் உச்சியிலிருந்து நன்றாகவே தெரிகிறது.