இருநூறு ரூபாய் எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், இடவப்பாதி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு காலை. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பகுதியில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர், நனைந்த குடையை வாயிலில் சாய்த்து வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வாழ்க்கைப்பட்டு இந்நகருக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. முந்தானை முடிச்சிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார்.

"எனக்கு மாசம் ஆயிரத்து நானூறுதான் தாறாங்க சாரே. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆயிரத்து அறுநூறு. என் இருநூறு எங்கே போச்சு?"

தம் ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை. வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் கூட்டுறவுச் சங்க ஊழியர்தான் எடுத்துக்கொள்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார். முந்தைய வாரம் தெருவில் நாலுபேர் முன்னிலையில் அவரைக் கேட்டும் விட்டாராம்.

கேரளத்தில் சுமார் 62 லட்சம் பேர் நலத்திட்ட ஓய்வூதியம் பெறுகின்றனர். 1980-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் என்று தொடங்கிய தொகை, 2021-இல் 1,600 ரூபாயாகி, 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டாத, 60 வயது நிறைந்தவர்கள் தம் ஊராட்சியிலோ நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலோ முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெறுவோரில் சுமார் 26 லட்சம் பேருக்குத் தொகை வங்கிக் கணக்கில் வரவாகிறது. மற்றவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாக வீட்டுக்கே சென்று சேர்கிறது. படி இறங்க இயலாத முதியவரின் கையில் பணத்தை வைத்துவிட்டு வரும் இந்த ஏற்பாட்டை, வங்கி ஊழியனாகிய நானும் சற்றுப் பொறாமையோடுதான் பார்க்கிறேன்.

அந்த அம்மையாரின் கணக்கு பிசகியது இங்கேதான். முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களில் ஒரு பகுதியினருக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் பங்கும் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. இப்போது 79 வயது வரை 200 ரூபாய், 80 வயது நிறைந்தவர்களுக்கு 500 ரூபாய். அந்த 200 ரூபாய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு ரூபாய்கூட உயரவில்லை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. இந்தப் பங்கு தனி வழியில் வருகிறது. மாநிலத்தின் பங்கைச் சங்க ஊழியர் வீட்டில் கொடுத்தாலும், மத்திய அரசின் பங்கு ஆதார் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்லும். சில வேளைகளில் பிந்தியும் செல்லும். ஆகவே அந்த ஊழியர் கொண்டுவந்த 1,400 ரூபாய் சரியான தொகையே. பக்கத்து வீட்டுப் பெண்மணி பெறுவதோ 50 வயது கடந்த, திருமணமாகாத மகளிருக்கான ஓய்வூதியம். அது முழுவதும் மாநில அரசின் நிதி என்பதால் 1,600 ரூபாயும் ஒன்றாகவே அவர் கைக்கு வந்தது.

இதை விளக்கியபோது அந்த அம்மையார் பாஸ்புக்கைத் தட்டிக் காட்டினார். "அப்ப இதுல காணணும்லா?"

நியாயமான கேள்வி. எங்கள் கிளைக் கணக்கில் அப்படியொரு வரவு இல்லை. வேறு எந்த வங்கியிலாவது கணக்கு உண்டா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுக்கடனுக்காக மகள் வேறொரு வங்கிக்கு அழைத்துப்போய்க் கைநாட்டு வைக்கச் செய்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கைநாட்டில்தான் இருநூறு ரூபாய் தடம் மாறியிருந்தது.

வாடிக்கையாளர்கள் பலர் அறியாத செய்தி இது. ஆதார் எண்ணை எத்தனை வங்கிக் கணக்குகளில் வேண்டுமானாலும் அடையாளச் சான்றாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் அரசின் நேரடிப் பணப்பயன் வந்து சேர்வதற்கென்று, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவில் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கி மட்டுமே இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் அதற்கு இசைவளித்தோமோ, பணம் அங்கே போகும். புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம் இருக்கிறது. பத்துக் கையெழுத்துகளுக்கு நடுவே அதைப் படித்துப் பார்ப்பவர் அரிது. படித்துச் சொல்லும் ஊழியர் அதைவிட அரிது என்று என் துறையைப் பற்றி நானே ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வங்கி பதிவாகியுள்ளது என்பதை ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் பார்க்கலாம்; கைபேசியில் ஒரு முறைக் கடவுச்சொல் வரும். அது இயலாதவர்கள் தங்கள் வங்கிக் கிளையில் கேட்கலாம். விரும்பிய வங்கிக்கு மாற்றிக்கொள்ள, அந்த வங்கியில் ஓர் இசைவுப் படிவம் கொடுத்தால் போதும்.

இன்னோர் அச்சமும் முதியவர்களிடம் காண்கிறேன். நீண்டகாலம் எடுக்காமலிருந்தால் வங்கி பணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இரண்டு ஆண்டுகளாக இயக்கமின்றிக் கிடக்கும் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கக் கூடாது. அரசுத் திட்டப் பயனாளிகளுக்கெனத் தொடங்கிய இருப்புத் தேவையற்ற கணக்குகளை இயக்கமற்றவை என்று ஒதுக்கவும் கூடாது.

கணக்கு சரியாக இருந்தாலும் ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய ஒன்று உண்டு: மஸ்டரிங். உயிரோடிருப்பதை அக்ஷயா மையத்தில் விரல்ரேகை வைத்து உறுதிசெய்யும் இம்முறையைக் குறித்த காலத்துக்குள் முடிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். படுக்கையில் இருப்பவர்களுக்கு மைய ஊழியர்கள் வீட்டுக்கே வருவார்கள். கயிறு திரித்தும் மீன் அரிந்தும் ரேகை தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்காவிட்டால், வாழ்வுச் சான்றிதழை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். தகுதியற்றோரைக் களைய இத்தகைய சோதனை தேவை என்பதை நான் மறுக்கவில்லை. 1,458 அரசு ஊழியர்கள் இந்த ஓய்வூதியத்தை வாங்கிவந்தது 2024 நவம்பரில் நிதித்துறையின் ஆய்வில் வெளிப்பட்டதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் பொருட்டு வரிசையில் நிற்பவர் எழுபது வயது மூதாட்டி என்பதும் உண்மை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு 1967 முதல் வழங்கப்படும் கூடுதல் தொகையும், அவர்கள் ஆண்டுதோறும் வருமான வரி விவரம் தாக்கல் செய்வதைப் பொறுத்தே தடையின்றித் தொடர்கிறது. டொராண்டோவில் பெற்றோரை வைத்திருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மையார் மகளோடு மீண்டும் வந்தார். மற்ற வங்கியின் பாஸ்புக்கில் வரவு பதிந்து வாங்கியிருந்தார்கள். இருநூறு இருநூறாக, சில மாதங்களுக்குச் சேர்த்தும், நாலாயிரம் ரூபாய்க்கு மேல் நின்றது. இசைவுப் படிவத்தை எடுத்து வைத்து, இனி இங்கேயே வருமாறு மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் சற்று யோசித்தார்.

"வேண்டாம் சாரே, அங்கேயே கெடக்கட்டும். கையில வந்தா செலவாயிரும். காணாமக் கெடந்ததுனாலதான் இவ்வளவு சேர்ந்திருக்கு."

மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கணக்குக்கு வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், செய்திருக்கவில்லை. அதை அங்கே செய்துகொள்ளுமாறு ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தேன். சங்க ஊழியரைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு அம்மையார் பதில் சொல்லவில்லை. மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: அடுத்த தவணை கொண்டுவந்த அன்று, அவரை உட்காரவைத்து, பால்விட்டுச் சாயா போட்டுக் கொடுத்தாராம்.