பழைய சக்கரத்திற்குப் புதிய வண்ணம்

நம் குடியிருப்புப் பகுதிகளில் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய மகிழுந்துகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். மேற்பகுதி கழுவித் துடைக்கப்பட்டுப் பளபளக்கும். சக்கரங்களோ கீறலும் கறையுமாக மங்கிக் கிடக்கும். 2005ஆம் ஆண்டில் அறிமுகமான பெரோடுவா மைவி போன்ற மகிழுந்துகள் பல, இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சக்கரங்களை வீட்டிலேயே சாயம் பூசிப் புதுப்பிக்கலாம். ஆனால், இந்த வேலையில் பெரும்பகுதி சாயக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சக்கரம் ஏன் மங்குகிறது? டயரைத் தாங்கும் உலோகப் பகுதியை நாம் 'ரிம்' என்கிறோம். தொழிற்சாலையில் பொருத்தப்படும் ரிம்களில் பல அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. அவற்றின்மீது அடிப்பூச்சு, நிறப்பூச்சு, ஒளி ஊடுருவும் மேற்பூச்சு என அடுக்கடுக்காகப் பூச்சுகள் உள்ளன. சாலையோரக் கல்லில் உரசி மேற்பூச்சு பிளந்தால், அந்த வழியாக நீர் உள்ளே புகும். அலுமினியம் இரும்பைப்போல் செந்நிறமாகத் துருப்பிடிப்பதில்லை. மாறாக, பூச்சுக்கு அடியில் வெண்புழுக்கள் ஊர்ந்த தடம்போல் அரிப்பு பரவும். பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து உதிரும் சூடான இரும்புத் துகள்களும் ரிம்மில் ஒட்டிப் பழுப்புக் கறையாக மாறுகின்றன.

முதல் வேலை பரிசோதனையே. சாயம் குறையை மறைக்கும், குறையைச் சரிசெய்யாது. சாலைக் குழியில் மோதிய ரிம்மில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கலாம், விளிம்பு வளைந்திருக்கலாம். அதன்மீது சாயம் பூசிவிட்டால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். விரைவுச்சாலையில் அந்த ரிம் உடைந்தால் உயிருக்கே கேடு. எனவே, ரிம்மின் முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் நன்கு பார்க்க வேண்டும். விரிசலோ வளைவோ இருந்தால், சாயம் பூசும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பட்டறையை நாட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றும் வேலையைப் பெரியவர் ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும். மகிழுந்தைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜேக்கால் உயர்த்த வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பாமல், உறுதியான தாங்கியையும் அடியில் வைப்பது அவசியம்.

அடுத்து, ரிம்மைச் சவர்க்கார நீரால் கழுவி, எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் சாயம் பிடிப்பதில்லை. ஆகவே, சிறு கீறல்களை 240 எண் மணல்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, பிறகு ரிம் முழுவதையும் 400 எண் மணல்தாளால் தேய்க்க வேண்டும். நுண்ணிய கோடுகள் நிறைந்த அந்தப் பரப்பைச் சாயம் இறுகப் பற்றிக்கொள்ளும். தேய்த்த பிறகு விரல் பட்டால்கூட எண்ணெய்ப் பசை படியும். அந்த இடத்தில் பின்னாளில் சாயம் உரியலாம்.

டயரில் சாயம் படாமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய சீட்டுக்கட்டு அட்டைகளை டயருக்கும் ரிம்முக்கும் இடையில் வரிசையாகச் செருகினால் போதும். நட்டு அமரும் குழிகளையும், ரிம்மின் பின்புறத்தில் வண்டியோடு ஒட்டும் பகுதியையும் ஒட்டுநாடாவால் மூட வேண்டும். அங்குச் சாயம் படிந்தால், ஓட்டத்தில் அது நசுங்கித் தேயும். நட்டின் இறுக்கம் குறையும்.

இனிச் சாயம் பூசலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால், சாய ஆவியை வடிகட்டும் முகக்கவசம் அணிந்து பூச வேண்டும். குப்பியை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் குப்பியில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை காத்திருக்க வேண்டும். ஒரே தடவையில் அதிகமாகத் தெளித்தால் சாயம் வழிந்துவிடும்.

நம் நாட்டின் ஈரப்பதமும் இதில் ஒரு சவாலே. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல், சாயத்தில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது ரிம்மின் பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்தால், மேற்பூச்சு வெண்மேகம்போல் மங்கிவிடும். எனவே, மழை பெய்த உடனே பூசாமல், வெயில் எழுந்து காற்று உலர்ந்த வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறைந்தது ஒரு நாள் உலரவிட்டுச் சக்கரத்தைப் பொருத்தலாம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பர் பெரியோர். சக்கரத்திற்கும் அது பொருந்தும். பார்ப்பவர் கண்ணில் படுவது வண்ணம் மட்டுமே. பயணம் செய்வோரைக் காப்பது அதற்கு அடியில் இருக்கும் உறுதியான உலோகம்.