சுருங்க மறுக்கும் ஒலி

'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற நீராவி எஞ்சினின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் டான்காஸ்டர் பட்டறையில் 1923ஆம் ஆண்டு உருவான எஞ்சின் இது. 1934இல் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டுப் பெரும் புகழ் பெற்றது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியையும் சேர்த்தால் இதன் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். இதை 76 மடங்கு சுருக்கினால் என்ன ஆகும்? 28 சென்டிமீட்டர் ஆகும். உங்கள் பையில் இருக்கும் அடிக்கோலைவிடச் சற்றே குட்டை!

இந்த அளவில் மாதிரி ரயில்களை ஓட்டி மகிழ்வது பிரிட்டனில் சிறுவர் முதல் முதியவர் வரை பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் இவ்வளவிலான ரயில்கள் 1938இலேயே கடைக்கு வந்துவிட்டன. (கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு ஒரு செய்தி: உண்மைத் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர். 76ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 வரவேண்டும். ஆனால் இந்த மாதிரிகள் ஓடுவதோ 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில். இதைப் பற்றி அந்த நாட்டு ஆர்வலர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பொழுது போவதே தெரியாது.)

எஞ்சினைச் சுருக்கியாயிற்று. அதன் ஒலியைச் சுருக்க முடியுமா?

முதலில் உண்மை எஞ்சின் எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்போம். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே 'குப்' என்று வெளியேறுகிறது. பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி நீராவி தள்ளுவதால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு 'குப்'. நமது எஞ்சினுக்கோ மூன்று சிலிண்டர்கள். ஆகவே சுற்றுக்கு ஆறு. இதன் பெரிய சக்கரத்தின் விட்டம் சுமார் 2 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும்போது நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு 'குப்' கேட்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் நொடிக்கு 26 ஆகிவிடும். அப்போது தனித்தனி ஒலி ஏது? ஒரே இரைச்சல்தான்.

மாதிரி எஞ்சினிலும் சக்கரமும் ஒலியும் இப்படி இணைந்து போகவேண்டும். சக்கரம் நின்ற பிறகும் 'குப் குப்' தொடர்ந்தால், அதுவரை எஞ்சினாகத் தெரிந்தது சட்டென்று பொம்மையாகிவிடும். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக ஒலியையே அனுப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி அனுப்பும் ஒலி வந்து சேரப் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகிறது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆகவே வேறு வழி கண்டார்கள். உண்மை எஞ்சினில் பதிவு செய்த ஒலிகள் டெண்டருக்குள் இருக்கும் சில்லின் நினைவகத்திலேயே தங்கியிருக்கின்றன. காற்றில் வருவது கட்டளை மட்டுமே: 'வேகம் இவ்வளவு', 'விசில் ஊது'. 'குப்' எப்போது ஒலிக்கவேண்டும் என்பதைச் சில்லே முடிவு செய்கிறது. எப்படித் தெரியுமா? மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அது கண நேரம் நிறுத்துகிறது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் டைனமோ ஆகிவிடுகிறது! அது தரும் மின்னழுத்தத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். மேட்டில் ஏறும்போது வேகம் குறையப் பார்க்கும். சில்லு கூடுதல் மின்சாரம் கொடுக்கும். 'குப்' ஒலியையும் ஓங்கச் செய்யும். இறக்கத்தில் ஒலி அடங்கி, இணைப்புத் தண்டுகளின் 'கிளிங் கிளிங்' மட்டும் கேட்கும். உண்மை ஓட்டுநர் நீராவியை மூடும்போது கேட்பதும் இதுவே.

வானொலி அலையும் சுருங்காத பொருள்களில் ஒன்று. புளூடூத் அலையின் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கான 3 சென்டிமீட்டர் அளவுக்காவது ஆன்டெனா இருந்தால் நல்லது. டெண்டரின் கூடு பிளாஸ்டிக் என்றால் தொல்லை இல்லை. உலோகக் கூடாக இருந்தால் அலை உள்ளே நுழையாது. அப்போது ஆன்டெனாவை உலோகத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் நிலக்கரிக் குவியலின் அடியில் ஒளித்து வைக்கவேண்டியதுதான்.

தூசியும் சுருங்குவதில்லை. இந்த எஞ்சின் மின்சாரம் பெறுவது தண்டவாளத்திலிருந்து. நாம் கண்டுகொள்ளாத ஒரு தூசித் துகள் இந்தக் குட்டிச் சக்கரத்துக்கு ஒரு பாறாங்கல். சக்கரம் அதன்மேல் ஏறியவுடன் தொடர்பு அறுந்து, சில்லு அணைந்து, ஒலி முதலிலிருந்து தொடங்கும். இதற்கு மருந்து ஒரு மின்தேக்கி. 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மின்னழுத்தம் 4 வோல்ட் இறங்கும்வரை 100 மில்லிஆம்பியர் கொடுத்தால் 40 மில்லிநொடி தாங்கும். மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சமமான மாதிரி வேகத்தில் எஞ்சின் அதற்குள் 6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துகளைத் தாண்ட இது போதும். டெண்டரில் சிறு லித்தியம் மின்கலத்தையே வைத்துத் தண்டவாள மின்சாரத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. (அந்த மின்கலத்தைக் குத்துவதும் முனைகளைக் கம்பியால் நேராக இணைப்பதும் ஆபத்து. தீப்பிடித்துவிடும்.)

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருவோம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 3.4 மீட்டர். டெண்டருக்குள் அடங்குவதோ கைப்பேசிக்காகச் செய்த 15 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒலிபெருக்கி. 'சர்க்கரைக் கட்டி' என்று இதற்குச் செல்லப் பெயர். இது 100 ஹெர்ட்ஸ் ஒலியைத் தருமா? தராது. ஆனாலும் இருப்பதைக் கொண்டு நிறையச் செய்யலாம்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று கிடைத்தால், பெரியவர் உதவியுடன் அதன் ஒலிபெருக்கியை இணைப்புக் கம்பி அறாமல் வெளியே எடுத்துப் பாட்டு வையுங்கள். குரல் கீச்சென்று கேட்கும். இப்போது ஓர் அட்டைப் பெட்டியில் வட்டத் துளையிட்டு, அதன்மேல் ஒலிபெருக்கியை அழுத்திப் பிடியுங்கள். குரல் கனத்துவிட்டதல்லவா? ஒலிபெருக்கியின் முன்புறம் காற்றை நெருக்கும்போது பின்புறம் காற்றைத் தளர்த்துகிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகளுக்கே இதில் நட்டம் அதிகம். பெட்டி அதைத் தடுக்கிறது. டெண்டருக்குள்ளும் காற்றுக் கசியாத குட்டிப் பெட்டி ஒன்று செய்து ஒட்டுகிறார்கள். இந்த வேலையில் சில்லின் விலையைவிடப் பெட்டியின் ஒழுங்கே முக்கியம் என்பது என் கருத்து.

மீதி வேலையை நம் மூளை செய்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஆனாலும் தொலைபேசியில் மாமாவின் கனத்த குரலைக் கனத்த குரலாகவே கேட்கிறோம். 300, 400, 500 என்று மேல் அலைகள் வந்தால், இல்லாத 100ஐ மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது! ஒலி டெண்டரிலிருந்து வந்தாலும் புகைபோக்கியிலிருந்து வருவதாகத் தோன்றுவதும் மூளையின் வேலைதான். சினிமாவில் ஒலிபெருக்கி எங்கோ இருக்க, நடிகரின் வாய் பேசுவதாக நாம் நம்புவதில்லையா?

ஒலியின் அளவு எவ்வளவு இருக்கவேண்டும்? புதிதாகப் பொருத்தியவர்கள் வீடே அதிரும்படி வைத்துவிடுகிறார்கள். மேசையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று மாதிரியைப் பார்ப்பது, உண்மை எஞ்சினை 76 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிலையத்தில் நிற்கும் எஞ்சினின் மூச்சு எவ்வளவு மெதுவாகக் கேட்கும் என்று எண்ணிப் பார்த்து, குமிழைத் திருப்பிக் குறைக்கவேண்டும்.