கையும் கோலும்

நுழையும்முன்
கருவி எதுவாயினும் அது இயங்குவது கையின் வழியாகவே. மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிய தச்சரும் அரிவாளுக்குப் பிடி பூட்டிய கொல்லரும், கை பற்றும் இடத்தைத் தனியே எண்ணிப் பார்த்தே அமைத்தனர். வளைகோல் பந்தாட்டத்தில் அந்த இடம் ஏறத்தாழ ஒரு முழ நீளமே உடையது. அச்சிறு பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டுமா, சொரசொரப்பாக இருக்க வேண்டுமா என்னும் வினா எளியதாகத் தோன்றலாம். அவ்வினாவிற்குள் அடங்கியுள்ள அறிவியலையும் ஆட்ட நுட்பத்தையும் விளக்குகிறது இக்கட்டுரை.

காந்தம் தேடிய கதை

ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டத்தில் ஒப்பற்ற வீரராகத் திகழ்ந்தவர் தியான் சந்த். 1928இல் ஆம்ஸ்டர்டாம், 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1936இல் பெர்லின் என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். பந்து அவருடைய மட்டையை விட்டு அகலாததைக் கண்டு ஐயுற்ற வெளிநாட்டார், உள்ளே காந்தம் இருக்கிறதா என்று அறிய அம்மட்டையை உடைத்துப் பார்த்தனர் என ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ புனைவோ, அதில் ஒரு செய்தி உண்டு. பந்து பட்ட இடத்தைச் சோதித்தவர்கள், கை பட்ட இடத்தைச் சோதிக்க மறந்தனர். பந்தை ஆளும் திறன் மட்டையின் வளைந்த அடியில் வெளிப்படுகிறது. அது பிறக்கும் இடமோ மட்டையின் மேற்பகுதியில், விரல்கள் பற்றும் பிடியில் உள்ளது.

இரு கைகள், இரு கடமைகள்

வளைகோல் மட்டையின் இடப்பக்கம் தட்டையானது, வலப்பக்கம் உருண்டது. உருண்ட பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது என்பது விதி. வலப்புறம் உள்ள பந்தை இடப்புறம் தள்ளுவது எளிது. இடப்புறம் சென்ற பந்தை மீண்டும் வலப்புறம் கொணர வேண்டுமாயின், மட்டையைப் பந்தின் மேலாகப் புரட்டித் தட்டைப் பக்கத்தை மறுபுறம் திருப்ப வேண்டும். இவ்வாறு நொடிக்கு நொடி மட்டையைப் புரட்டிப் பந்தை இருபுறமும் மாறி மாறித் தள்ளிச் செல்லும் முறைக்கு ‘இந்திய டிரிப்பிள்’ என்றே உலக அரங்கில் பெயர் வழங்குகிறது.

இம்முறையில் இரண்டு கைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மட்டையின் உச்சியைப் பற்றும் இடக்கை அதனைத் திருப்புகிறது. சற்றுக் கீழே உள்ள வலக்கை, மட்டை தன்னுள் சுழல்வதற்கு இடம்தரும் வளையமாக அமைகிறது. பந்தைத் தடுக்கும்போது வலக்கை கீழ்நோக்கி இறங்குகிறது. ஓங்கி அடிக்கும்போது மேலேறி இடக்கையோடு சேர்கிறது. ஆகவே, இடக்கைக்குத் தேவை வழுவாத பிடி. வலக்கைக்குத் தேவை தடையற்ற நகர்வு. ஒரே கோலின் மேல் ஒரு முழத்திற்குள் இவ்விரு தேவைகளும் அமைந்திருப்பதே பிடியை மாற்றியமைப்போர் முதலில் உணர வேண்டிய உண்மை.

பிடி முழுவதும் வழவழப்பாக இருந்தால் இடக்கை மட்டையைத் திருப்பும்போது கை மட்டும் திரும்பும், மட்டை திரும்பாது. பிடி முழுவதும் மிகுந்த சொரசொரப்பாக இருந்தால் வலக்கை சிக்கிக்கொள்ளும். புரட்டும் வேகம் குறையும். உள்ளங்கைத் தோல் உரியும்.

உராய்வு செய்யும் பணி

கை மட்டையைப் பற்றி நிற்பதற்குக் காரணம் உராய்வு விசை. இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயலும்போது, அவ்வழுக்கலை எதிர்க்கும் விசையே உராய்வு. பரப்புகளை அழுத்தும் விசை, அப்பரப்புகளின் தன்மையைக் குறிக்கும் உராய்வுக் குணகம் ஆகிய இரண்டையும் பொறுத்து அதன் அளவு அமையும் என்பது இயற்பியலின் எளிய விதி. குணகம் 0.4இலிருந்து 0.8ஆக உயர்ந்தால், அதே மட்டையைத் தாங்குவதற்கு முன்னர் தேவைப்பட்ட அழுத்தத்தில் பாதியே போதுமானது.

இக்கணக்கின் பயன் ஆட்டத்தின் இறுதியில்தான் தெரியும். இன்றைய பன்னாட்டு ஆட்டம் பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக 60 நிமிடம் நடைபெறுகிறது. வழுக்கும் பிடியை உடைய ஆட்டக்காரர், மட்டை நழுவாதிருக்க அறுபது நிமிடமும் அதனை இறுக்கிப் பற்றுகிறார். முன்கைத் தசைகள் சோர்கின்றன, மணிக்கட்டு விறைக்கிறது. விறைத்த மணிக்கட்டால் மட்டையை விரைந்து புரட்ட இயலாது. நல்ல பிடி, கையைத் தளர்த்தி ஆடும் உரிமையை ஆட்டக்காரருக்கு வழங்குகிறது.

வியர்வை இக்கணக்கை மாற்றிவிடும். சிறிதளவு ஈரம் தோலை மென்மையாக்கிப் பிடிப்பைக் கூட்டுகிறது. பக்கம் புரட்டுபவர் விரல் நுனியை ஈரமாக்குவது இதனால்தான். ஈரம் மிகுந்து தோலுக்கும் பிடிக்கும் இடையே நீர்ப்படலமாகப் படரும்போது, பிடிப்பு திடீரெனக் குறைந்துவிடுகிறது. சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஆதலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. மேலும், உள்ளங்கை வெப்பத்தால் மட்டும் வியர்ப்பதில்லை, பதற்றத்தாலும் வியர்க்கிறது. தேர்வுக்கூடத்தில் வினாத்தாளை வாங்கும் கை ஈரமாவதை மாணவர் பலரும் அறிவர். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் தண்ட அடியை அடிக்க நிற்பவரின் கையும் அவ்வாறே ஈரமாகிறது. பிடிப்பு மிகவும் தேவைப்படும் நேரமே, அது குறையும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

மரமும் இழையும்

நெடுங்காலம் வளைகோல் மட்டைகள் மரத்தால் செய்யப்பட்டன. அடிப்பகுதிக்கு முசுக்கொட்டை மரமும் கைப்பிடிக்குப் பிரம்பும் பயன்பட்டன. அதிர்ச்சியைத் தாங்கப் பிரம்புகளுக்கிடையே இரப்பர்ப் பட்டைகள் வைக்கப்பட்டன. பஞ்சாபின் ஜலந்தரும் உத்தரப்பிரதேசத்தின் மீரட்டும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. இக்காலத்தில் கண்ணாடி இழை, கார்பன் இழை முதலியவற்றைப் பிசினோடு சேர்த்து வார்க்கும் மட்டைகள் பெருகியுள்ளன. இவற்றின் புறப்பரப்பு மிகவும் வழவழப்பானது, வியர்வையை உறிஞ்சாதது. எனவே, மேலே சுற்றப்படும் பிடியுறையே கைக்கும் கோலுக்கும் இடையிலான உறவை முடிவு செய்கிறது. ஆட்டக்காரர் வழக்கில் இவ்வுறைக்குக் ‘கிரிப்’ என்று பெயர்.

ஆடுகளமும் மாறியது. 1976இல் மான்ட்ரியலில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் வளைகோல் பந்தாட்டம் ஆடப்பட்டது. 1928 முதல் பங்கேற்ற ஒவ்வொரு முறையும் பதக்கம் பெற்ற இந்திய அணி, அவ்வாண்டு ஏழாம் இடத்தையே பெற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், தரை மாறும்போது ஆட்டமும் கருவியும் மாற வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. பின்னர்ப் பரவிய தரைகளில் ஆட்டத்திற்கு முன் நீர் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பந்தும் மட்டையும் நீரை வாரித் தெளிக்க, வியர்வையோடு களத்து நீரும் பிடியை நனைக்கலாயிற்று.

பிடியை மாற்றியமைக்கும் முறைகள்

பிடியின் தன்மையை மூன்று வழிகளில் மாற்றலாம். முதலாவது, உறைப்பொருளைத் தெரிவு செய்தல். பதனிட்ட மென்தோல் போன்ற உறை, சற்று நனைந்தபின் நன்றாகப் பற்றும். துவாலைத் துணியாலான உறை வியர்வையை உறிஞ்சும். ஆனால், விரைவில் நனைந்து கனக்கும். பாலியூரித்தேன் உறை உலர்ந்த நிலையில் ஒட்டும் தன்மை உடையது. அதில் உள்ள நுண்துளைகளும் வரிப்பள்ளங்களும் ஈரம் ஒதுங்க இடம் தருகின்றன. மழையில் ஓடும் வண்டிச் சக்கரத்தின் தடப்பள்ளங்கள் நீரை வெளியேற்றித் தரையைப் பற்ற உதவுவதும் இத்தகையதே.

இரண்டாவது, சுற்றும் முறை. உச்சியிலிருந்து தொடங்கி, உறைப்பட்டையைச் சீராக இழுத்துச் சரிவாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் சிறிதளவே படிந்தால் பரப்பு மெலிதாகவும் சமமாகவும் அமையும். பாதியளவு படிந்தால் தடிமன் கூடி, ஓரங்கள் படிக்கட்டுப்போல் எழும். தடித்த பிடி அதிர்வைக் குறைக்கும். ஆயினும், சிறிய கைகளை உடையோர் அதனை முழுமையாகச் சூழ்ந்து பற்ற இயலாது.

மூன்றாவது, உறைக்கு அடியில் வரிமேடுகளை உண்டாக்குதல். பழைய உறையை நீக்கி, ஒட்டியிருக்கும் பசையைத் துடைத்தபின், மெல்லிய நூற்கயிற்றை விரல் அகல இடைவெளிவிட்டுத் திருகுபோல் சுற்றி, அதன் மேல் உறையைச் சுற்றலாம். வெளியே தெரியாத அக்கயிறு, விரல்கள் படிந்து நிற்க ஏற்ற மேடுகளைத் தருகிறது. இதனை இடக்கை பற்றும் மேற்பகுதியில் மட்டும் செய்து, வலக்கை நகரும் கீழ்ப்பகுதியைச் சமமாக விட்டால், இரு கைகளின் தேவையும் நிறைவேறும். உறையின் கடைமுனையை ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டுதல் வேண்டும். தளர்ந்த முனை வலக்கையைத் தடுக்கும்.

மாற்றியமைத்த பிடியைக் களத்திற்குக் கொண்டுசெல்லுமுன் சோதித்தல் நன்று. இடக்கையால் மட்டையைத் திருப்பும்போது அது கையோடு திரும்புகிறதா, வலக்கை வளையத்தினுள் தங்குதடையின்றிச் சுழல்கிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு கையை நீரில் நனைத்து அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். உலர்ந்த கையில் தேறிய பிடி, நனைந்த கையிலும் தேறினால்தான் அது ஆட்டத்திற்கு உரியது.

எல்லை அறிதல்

பிடிப்பு வேண்டும் என்பதற்காக மட்டையின் தண்டை அரத்தால் கீறுவோரும் உப்புத்தாளால் தேய்ப்போரும் உண்டு. மர மட்டையில் இது சிம்பை எழுப்பும். இழை மட்டையில் வலிமை தரும் இழைகளே அறுபடும். கீறிய இடத்தில் மட்டை முறியவும் கூடும். முறிந்த மட்டையால் காயமுறுவது அருகில் ஆடுபவரே. கையிலிருந்து நழுவிப் பறக்கும் மட்டையும் அத்தகைய தீங்கையே விளைவிக்கும். ஆகவே, பிடியைச் சீராக வைத்திருத்தல் தன் ஆட்டத்திற்காக மட்டுமன்றிப் பிறர் நலத்திற்காகவும் செய்ய வேண்டிய கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்
பன்னாட்டு விதிகளின்படி வளைகோல் மட்டை கூர்மையான, கரடான பகுதிகள் இன்றி இருத்தல் வேண்டும். அதன் நீளம் 105 சென்டிமீட்டருக்கும், எடை 737 கிராமுக்கும் மிகலாகாது. மேலே சுற்றப்பட்ட உறைகளோடு சேர்த்து, 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உடைய வளையத்தினுள் மட்டை நுழைந்து வெளிவர வேண்டும். பிடியை எவ்வளவு தடிமனாக்கலாம் என்பதற்கு இவ்வளையமே வரம்பு.

நிறைவாக

1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என வென்று இந்தியா தங்கம் பெற்றபோது, அணித்தலைவராக விளங்கியவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். வளைகோல் பந்தாட்டத்தால் பெயர்பெற்ற கோவில்பட்டியில் இன்றும் சிறுவர்கள் மட்டையோடு களமிறங்குகின்றனர். அவர்கள் அனைவராலும் விலையுயர்ந்த மட்டையை வாங்க இயலாது. ஆயின், பழைய மட்டையின் நைந்த உறையை நீக்கி, தம் கைக்கும் தம் ஊரின் வெயிலுக்கும் ஏற்பப் புதிய உறையைச் சுற்றிக்கொள்ள அனைவராலும் இயலும். அதற்குச் செலவு சிறிது. தன் கையை அறியும் அறிவே பெரிது. எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று அறிந்த கைக்கு, எளிய கோலும் ஏவல் கேட்கும்.

கற்பவை கற்றபின்
1. உம் ஊரில் புழங்கும் தொழிற்கருவிகள் மூன்றனைத் தெரிவு செய்து, அவற்றின் பிடி அமைந்துள்ள முறையையும் அதற்கான காரணத்தையும் உரிய தொழிலாளரிடம் கேட்டறிந்து கட்டுரையாக்குக.
2. விளையாட்டுக் கருவி ஒன்றைப் பழுது நீக்கிப் பேணும் முறையைப் படிநிலைகளாக எழுதி வகுப்பறையில் விளக்குக.