மேட்டு மனை, பள்ளத்து மனை: புதுக்கோட்டைக்கு ஒரு வீட்டுக் கணக்கு

புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி ‘மாநகராட்சிக்கு மிக அருகில்’ என்று பலகை வைத்து மனை விற்கலாம். நல்லது. ஆனா, கீழ ராஜ வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணும், ஆட்டோ ஓட்டுகிறவரும், தெரு கூட்டுகிறவரும் எங்கே குடியிருப்பார்கள்?

நம்மிடம் இருக்கும் வழக்கமான பதில், ஊர்க்கோடியில் ஏழைகளுக்கு மட்டும் அடுக்குமாடி. சென்னையில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அதைத்தான் செய்தார்கள். கூரை கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது. முகவரியைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுகிற நிலையும் வந்தது.

இன்னொரு வழி இருக்கு. அதுவும் தமிழ்நாட்டில் செய்து பார்த்ததுதான். உலக வங்கிக் கடனில், 1970-களின் கடைசியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரிலும், பிறகு முகப்பேரிலும் வீட்டு வசதி வாரியம் மனைகள் போட்டது. வீடு கட்டித் தரவில்லை. சாலை, தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட்ட மனையைக் கொடுத்துவிட்டு, ‘உங்க வசதிக்குக் கட்டிக்கோங்க’ என்று விட்டுவிட்டார்கள். சின்ன மனை ஏழைகளுக்கு, நடுத்தர மனை மாதச் சம்பளக்காரர்களுக்கு, பெரிய மனையும் கடை மனையும் வசதியானவர்களுக்கு. எல்லாம் ஒரே நகரில்.

இதுல காசு எப்படிக் கட்டுபடியாகும்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 மனை போட நிலமும் வசதிகளும் சேர்த்து 5 கோடி ரூபாய் செலவு. சராசரியாக மனைக்கு 5 லட்சம். அந்தப் பெண்ணால் முடியாது. இப்போ 60 சின்ன மனைகளை 2 லட்சத்துக்குக் கொடுங்க: 1.2 கோடி. நடுத்தரம் 30, தலா 6 லட்சம்: 1.8 கோடி. மெயின் ரோட்டைப் பார்த்த 10 மனைகள், தலா 20 லட்சம்: 2 கோடி. மொத்தம் அதே 5 கோடி. மானியம் அரசு கஜானாவிலிருந்து வரவில்லை. ரோட்டோர மனையின் விலையிலிருந்து வந்தது. ரோட்டோரம் இல்லாத பொட்டலில் இந்தக் கணக்கு நிற்காது. அதனால்தான் இடம் முக்கியம்.

உலக வங்கியே முதலில் இந்தத் திட்டங்களைத் தோல்வி என்று எழுதியது. 20 ஆண்டு கழித்து சென்னையையும் மும்பையையும் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. பல வருமானக்காரர்கள் கலந்து வாழும், வசதிகள் உள்ள பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன என்றது அந்த ஆய்வு. விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். விற்கும்போது வந்த லாபம் அவர்களுடையதுதானே.

இன்றைய விதியிலும் இதன் மிச்சம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். சென்னைப் பக்கம் இந்த எல்லை சரி. சிறு சிறு மனைப்பிரிவுகளாக வளரும் புதுக்கோட்டை மாதிரி ஊரில் இரண்டு ஏக்கர்காரர் தப்பித்துவிடுவார். எல்லையைக் குறைக்கணும் என்பது என் கருத்து.

ஆனால் நம்ம மாவட்டத்தில் வருமானத்தை மட்டும் கலந்தால் போதாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது நினைவிருக்கும். அது அவர்களுக்கென்று தனியாக இருந்த தொட்டி. 1997-ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் இந்த இடத்தைத்தான் தொட்டது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறந்தது. 100 வீடு: பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. தனித்தனித் தெரு கிடையாது, சுடுகாடும் பொது. குறை என்னன்னா, அங்கே சாதி கலந்தது, வருமானம் கலக்கவில்லை. எல்லோருமே ஏழைகள், பல இடங்களில் ஊரைவிட்டுத் தள்ளி. முகப்பேரில் இருந்த ரோட்டோர மனை அங்கே இல்லை.

இரண்டையும் சேர்த்து ஒரு மனைப்பிரிவு வரைந்தால், முதல் சண்டை விலையில் வராது. சின்ன மனைகளை எந்த மூலையில் வைப்பது என்பதில்தான் வரும். பின்பக்கம் பள்ளத்தில் மொத்தமாகத் தள்ளி, நடுவில் ஒரு சுவர் வைத்துவிட்டால் 10 சதவீத விதி காகிதத்தில் நிறைவேறிவிடும். பழைய காலனி புதுப் பெயரில் வந்துவிடும். சின்ன மனையைத் தெருவுக்கு இத்தனை என்று பிரித்து, குலுக்கலில் கொடுத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து குழாய் இழுக்கணும்.