ஐந்து டாலர் சந்தா

“எழுதிக்கொண்டே இருந்தால் அடுப்பு எரியுமா?” எழுத்தாளன் வீட்டில் என்றும் எழும் கேள்வி இது. அமெரிக்கப் பத்திரிகாசிரியர் ஐ. எஃப். ஸ்டோன் இதற்குக் கண்ட விடை ரஸமானது.

1952-ல் அவர் எழுதிவந்த தினசரி நின்றுபோயிற்று. இடதுசாரி என்று பெயரெடுத்தவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. 1953 ஜனவரியில் வாஷிங்டனில் தாமே நான்கு பக்க வாரத்தாள் ஒன்றைத் தொடங்கினார். வருஷச் சந்தா 5 டாலர். சந்தாதாரர் சுமார் 5,300 பேர். விளம்பர வருமானத்தை அவர் நம்பவில்லை. பெரிய மனிதர்களின் விருந்துகளை நாடி அலையாமல், சர்க்கார் அறிக்கைகளை வரிவிடாமல் படித்து, அவற்றிலிருந்தே முரண்பாடுகளைத் தோண்டி எடுத்தார். சந்தாக் கணக்கும் நிர்வாகமும் மனைவி எஸ்தரின் பொறுப்பு. அந்த அம்மாள் கணக்கைச் சுமந்ததனாலன்றோ கணவரின் பேனா தடையின்றி ஓடிற்று!

உடல்நலம் குன்றி, 1971 டிசம்பரில் பத்திரிகையை நிறுத்தியபோது சந்தாதாரர் சுமார் 70,000 பேர். சந்தா அதே 5 டாலர்தான். பிறகு முதுமையில் கிரேக்க மொழி பயின்று, ஸாக்ரடீஸின் விசாரணையைப் பற்றி நூல் எழுதினார்.

ஒரு முதலாளிக்கு அஞ்சுவதைவிட ஆயிரம் வாசகருக்குக் கடமைப்படுவது மேல் அல்லவா? ஆனால் அந்த ஆயிரம் பேரும் சந்தா கட்டவேண்டும். பத்திரிகையை இரவல் வாங்கிப் படிக்கும் அன்பர்கள் இதைச் சற்றே சிந்திப்பார்களாக!